மூன்றாம் ஆண்டிலிருந்து பின்னோக்கி: இரண்டாண்டு இயற்பியல் பட்டத்துக்கு ஒரு பாடத்திட்டம்

(இயற்பியல் துறை அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேரண்டம், காலம், குவாண்டம் என்று ஏதாவது பெரிய தலைப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன சார், அட்மிஷன் கவுன்சலிங் மாதிரி இருக்கே?" என்றார். அப்படித்தான் இருக்கும். நான் கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். இயற்பியல் மேல் ஆசைப்பட்டு வந்து பாதியில் விலகிப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பாடம் புரியாமல் போகிறவர்கள் உண்டு. பாடம் நன்றாகப் புரிந்தும், எதை எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதில் இடறி, அதனாலேயே போகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. ஆகவே இன்று நான் ஒரு கால அட்டவணையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முதலில் அந்த ஊர் ஏற்பாடு. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரின் உயர்நிலைப் பள்ளியில் ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரி வகுப்பு தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகள் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சிதான், அதை உள்ளூரிலேயே நடத்தலாம் என்பது அப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் எண்ணம். கலிஃபோர்னியா 1907இல் இதற்குச் சட்டம் போட்டது. 1910இல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி வந்தது. 1960இல் கிளார்க் கெர் முன்னின்று வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் இதை ஒரு மூன்றடுக்கு முறையாக்கியது: பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, கதவைத் தட்டும் மற்ற யாருக்கும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி. அங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். இன்று அந்த மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள். மாநிலவாசிக்கு ஒரு பாட அலகுக்கு (கிரெடிட்டுக்கு) 46 டாலர்தான் கட்டணம். 2012 முதல் அது ஏறவில்லை.

இந்த வழியாக வந்தவர்கள் குறைந்தவர்கள் அல்லர். 1984இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டு, பாசடீனா இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு நம் ஊர் பாலிடெக்னிக் நினைவு வரும். டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்கிறாரே, அதுதானே என்று. கிட்டத்தட்ட அதுதான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே டிப்ளமோ பாடத்திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வகுக்கிறது. நாகர்கோவிலில் படித்தாலும் வேலூரில் படித்தாலும் ஒரே தாள், ஒரே எண். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கல்லூரிக்கும் அதனதன் பாடம், அதனதன் எண். ஒரு கல்லூரியில் வெப்ப இயக்கவியல் முதல் தாளில் வரும், இன்னொன்றில் மூன்றாவதில். ஃபுளோரிடாக்காரர்கள் இந்தத் தலைவலியை என்றோ தீர்த்துவிட்டார்கள். அங்கே எந்த அரசுக் கல்லூரியில் படித்தாலும் நுண்கணித அடிப்படையிலான இயற்பியல் முதல் தாள் 2048, இரண்டாவது 2049. கலிஃபோர்னியா இப்போதுதான், 2025 இலையுதிர் பருவம் தொடங்கி, படிப்படியாகப் பொது எண்ணுக்கு வருகிறது.

மாறிச் செல்லும்போது பாடங்கள் உதிர்ந்துபோவது சின்ன விஷயமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017இல் ஓர் அறிக்கை தந்தது. கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் பாட அலகுகளில் 43 விழுக்காட்டை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. கலிஃபோர்னிய மாநிலத் தணிக்கையாளர் 2024இல் சொன்னது இன்னும் கசப்பானது: பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்தவர்களில், நான்கு ஆண்டுக்குள் மாறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இவை எல்லாத் துறைகளுக்குமான கணக்கு. இயற்பியலில் என்ன ஆகிறது என்பதைப் பாடங்களை விரித்துவைத்துப் பார்த்தால் புரியும்.

2010இல் அலெக்ஸ் பாடியா கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. அதன்படி 'மாற்றத்துக்கான இணைப்பட்டம்' என்று ஒரு பட்டம் வந்தது. 60 அலகு முடித்து அந்தப் பட்டத்தை வாங்கினால் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அங்கே மேலும் 60 அலகுக்குமேல் கேட்கக் கூடாது. நீங்கள் விரும்பும் வளாகம் என்று சட்டம் சொல்லவில்லை, கவனிக்க வேண்டும். இயற்பியலுக்கான மாதிரித் திட்டம் சுருக்கமானது. நுண்கணித அடிப்படையிலான இயற்பியல் மூன்று தாள். நுண்கணிதம் மூன்று தாள். குறைந்தது 24 அலகு. மீதி எல்லாம் பொதுக்கல்வியும் விருப்பப் பாடமும்: ஆங்கிலம், வரலாறு, கலை, சமூக அறிவியல்.

இந்த 24 அலகைப் பார்த்துப் பெற்றோர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். "இவ்வளவுதானா?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். பட்டத்துக்கு இவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் போய் உட்காருவதற்கு இது போதாது. என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இந்த இடைவெளியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் ஆண்டு முதல் பருவத்தில் என்ன நடத்துகிறார்கள்? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 105 எண்ணுள்ள பகுமுறை இயக்கவியல், 110ஏ மின்காந்தவியல், 137ஏ குவாண்டம் இயக்கவியல். மற்றப் பல்கலைக்கழகங்களில் எண் மாறும், சரக்கு இதுதான். இயக்கவியல் வகுப்பில் தொடக்க வாரங்களிலேயே தடையுறு அலைவு வரும். சுருள்வில்லில் தொங்கும் எடை, அதன் வேகத்துக்கு ஏற்ப ஓர் உராய்வு. இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவார் ஆசிரியர். அடுக்குக்குறிச் சார்பு ஒன்றைத் தீர்வாக வைத்துப் பார்த்து, அதை ஓர் இருபடிச் சமன்பாடாக்கி, மூலங்கள் மெய்யா, கலப்பெண்ணா, ஒன்றேயா என்று மூன்று வகையாகப் பிரித்துவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் கட்டாய அலைவுக்குப் போய்விடுவார். வகைக்கெழுச் சமன்பாடுகளை முன்பே படித்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம் பழைய பாடத்தை நினைவுபடுத்துவது. படிக்காதவனுக்கு ஒரு பருவத்துப் பாடம் கண்முன்னே ஓடிப்போன மாதிரி.

அடுத்து, ஒரு சுருள்வில்லால் இணைக்கப்பட்ட இரண்டு ஊசல்கள். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடலாம், எதிரெதிராகவும் ஆடலாம். மற்ற எல்லா ஆட்டமும் இந்த இரண்டின் கலவை. இதைக் கண்டுபிடிக்க ஓர் இரண்டுக்கு இரண்டு அணியை எழுதி அதன் ஐகன் மதிப்புகளைத் தேட வேண்டும். அதே பருவத்தில் குவாண்டம் வகுப்பில் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் ஓர் இரண்டுக்கு இரண்டு அணியாகத்தான் வரும். அளந்தால் கிடைக்கக்கூடிய மதிப்புகள் அதன் ஐகன் மதிப்புகள். இரண்டு வகுப்பிலும் ஒரே கணிதம் ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்த மாணவிக்கு அந்தப் பருவம் ஒரு விருந்து. நேரியல் இயற்கணிதம் படிக்காமல் வந்த மாணவிக்கோ இரண்டு இடத்திலும் தனித்தனியாக அடி.

வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம் ஆகிய இரண்டும் அந்தப் பட்டத்தின் கட்டாயப் பாடப் பட்டியலில் இல்லை. பரிந்துரை என்ற அளவில்தான் நிற்கின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் தனியே வெளியிடும் இயற்பியல் பாடவழியில் இரண்டும் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒரே மாநிலம், ஒரே துறை, இரண்டு பட்டியல். பட்டியலை வகுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள சிறு கல்லூரிகளும் இந்தப் பட்டத்தைத் தர வேண்டுமானால் குறைந்த அளவில்தான் நிறுத்த முடியும். ஆனால் குறைந்த அளவை யாரும் 'திட்டம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எல்லாவற்றையும் சேர்த்தே படித்துவிடலாம் என்றால் கணக்கு இடிக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் இயற்பியல், நுண்கணிதத் தாள்கள் நாலு அல்லது ஐந்து அலகு. ஆறு தாளுக்கு ஏறக்குறைய 27. நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் சேர்ந்து ஏழெட்டு. பல வளாகங்கள் கேட்கும் பொது வேதியியல் இரண்டு தாள், பத்து. பைத்தான் போன்ற ஒரு கணினிமொழிப் பாடம் மூன்று நாலு. இதுவே ஏறத்தாழ 49 ஆகிவிட்டது. பொதுக்கல்வித் தொகுப்பு 34 அலகு. கணிதமும் இயற்பியலும் அதில் ஒரு பகுதியை நிரப்பினாலும் இன்னும் 27 பாக்கி. ஆக, 60 அலகுப் பட்டத்துக்குள் எழுபத்தைந்துக்கு மேற்பட்ட அலகு. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியிலிருந்து 70 அலகுவரைதான் பட்டக் கணக்கில் ஏற்கும். அதற்கு மேற்பட்டது வீணாகாது, படித்ததாகக் கணக்கில் வரும், ஆனால் அலகாக ஏறாது.

எதை விடுவது? என் கட்சி தெளிவானது. கணிதத்தை விடாதீர்கள். பொதுக்கல்வியைத் தள்ளிவையுங்கள். மாநிலப் பல்கலைக்கழகமே இலக்கு என்றால் பட்டத்தை முழுதாக முடிப்பது லாபம், அந்த உறுதிமொழி பட்டத்தோடுதான் வருகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் இலக்கு என்றால் அங்கே இணைப்பட்டச் சான்றிதழை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை, துறைக்கான முன்பாடங்களைத்தான் கேட்கிறார்கள். அலகு மிகுந்த அறிவியல் துறைக்காரர்கள் பொதுக்கல்வித் தொகுப்பை முதலில் முடித்துக்கொண்டு வர வேண்டாம் என்று பல்கலைக்கழகத் தரப்பிலேயே சொல்வதுண்டு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் மட்டும் தனியாக ஒரு சோதனைப் பட்டம் வகுத்து, பொதுக்கல்வியில் ஒரு பகுதியை மாறிய பிறகு முடிக்கலாம் என்று அவர்கள் இறங்கி வந்ததற்கும் காரணம் இந்தக் கணக்கு இடிப்பதுதான்.

இப்போது எது எதற்கு முன்பாடம் என்ற சங்கிலியைப் பார்ப்போம். நுண்கணிதம் முதல் தாள் இல்லாமல் இயக்கவியல் இல்லை. சில கல்லூரிகளில் இரண்டையும் ஒரே பருவத்தில் எடுக்க விடுவார்கள், பல இடங்களில் கணிதத்தை முடித்துவிட்டு வா என்பார்கள். இயக்கவியல் முடித்தால்தான் மின்காந்தவியல். அதற்கு இரண்டாம் நுண்கணிதத் தாளும் வேண்டும். பல்மாறி நுண்கணிதத்தை மின்காந்தவியலோடு சேர்த்து எடுப்பது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வகுப்பில் நடக்கும் விஷயம்.

மின்காந்தவியல் தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காஸ் விதி வந்துவிடும். ஒரு மூடிய பரப்பின் வழியே வெளியே வரும் மின்புலத்தை எல்லாம் கூட்டினால், உள்ளே எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்கிற விதி. கூட்டுவது என்றால் பரப்புத் தொகையீடு. அதே பருவத்தில் பல்மாறி நுண்கணிதம் படிக்கும் மாணவன் பரப்புத் தொகையீட்டை எப்போது சந்திக்கிறான்? பருவத்தின் கடைசி வாரங்களில். கணித ஆசிரியர் முப்பரிமாண வெக்டர்களில் தொடங்கி, பகுதி வகைக்கெழுக்களைக் கடந்து, இரட்டைத் தொகையீடு, மும்மைத் தொகையீடு எல்லாம் தாண்டித்தான் அங்கே வருவார். அதற்குள் இயற்பியல் வகுப்பில் ஃபாரடே விதி முடிந்து மாறுமின்னோட்டமே வந்திருக்கும். நாங்கள் என்ன செய்கிறோம்? கோளம், உருளை, தட்டையான தளம் என்று மூன்றே வடிவங்களை எடுத்துக்கொள்கிறோம். சமச்சீர் காரணமாக மின்புலம் பரப்பெங்கும் ஒரே அளவாக இருப்பதால், தொகையீடு வெறும் பெருக்கலாகச் சுருங்கிவிடும். மாணவனும் 'புலம் பெருக்கல் பரப்பு' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். அவன் செய்தது தொகையீடு என்பது அவனுக்கு டிசம்பரில்தான் தெரியும். சில பிள்ளைகள் அப்போது கணித வகுப்பிலிருந்து நேரே என் அறைக்கு வந்து, "சார், டைவர்ஜன்ஸ் தேற்றமும் காஸ் விதியும் ஒண்ணா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இரண்டையும் ஒரே பருவத்தில் எடுக்கச் சொல்வேன். ஒரு பருவம் முன்னதாகவே கணிதத்தை முடித்தவர்கள் பாடத்தைச் சிரமமில்லாமல் கடக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இந்தக் கேள்வி அவர்களிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை.

சங்கிலியை நாட்காட்டியில் பொருத்துவோம். பின்னாலிருந்து வர வேண்டும். மூன்றாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில், அதாவது ஆகஸ்ட் கடைசியில், பல்கலைக்கழகத்தில் நுழைய வேண்டும். அதற்கு முந்தைய வசந்தப் பருவத்தில் இயற்பியல் மூன்றாம் தாளும் வகைக்கெழுச் சமன்பாடும். அதற்கு முன்பு மின்காந்தவியலும் பல்மாறி நுண்கணிதமும். அதற்கு முன்பு இயக்கவியலும் இரண்டாம் நுண்கணிதமும். அதற்கும் முன்பு, சேர்ந்த முதல் பருவத்தில், முதல் நுண்கணிதம். நான்கு பருவமும் நிரம்பிவிட்டது. நேரியல் இயற்கணிதத்தை ஒரு கோடையில் செருக வேண்டும். எங்கும் சறுக்க இடமில்லை.

சறுக்கினால் ஒரு பருவம்தானே போகும் என்று நினைக்கலாம். சிறு கல்லூரிகளில் இயற்பியல் மூன்றாம் தாளை ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் வைப்பார்கள். ஆள் சேரவில்லை என்றால் அந்த வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள். அங்கே ஒரு பருவத் தாமதம் ஓர் ஆண்டுத் தாமதம். ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே துறையில் போய்க் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மூன்றாம் தாள் எந்தப் பருவத்தில் நடக்கிறது, கடந்த சில ஆண்டுகளில் அது ரத்தாகியிருக்கிறதா?

இன்னொரு கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் இந்த 'இரண்டாண்டு' என்ற பேச்சே கொஞ்சம் பொய் என்று தெரியும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும் காலம் அக்டோபர், நவம்பர். இரண்டாம் ஆண்டின் நவம்பரில் விண்ணப்பம் போடும் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? முதல் ஆண்டு மதிப்பெண்கள் மட்டும். இயற்பியலில் இயக்கவியல் ஒன்றே ஒன்று. மின்காந்தவியல் அப்போது நடந்துகொண்டிருக்கும், அந்த மதிப்பெண் ஜனவரியில்தான் போய்ச் சேரும். முதல் பருவத்தில் கல்லூரிக்குப் பழகிக்கொள்ளலாம், இரண்டாம் ஆண்டில் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நான்காண்டுக் கல்லூரியில் பலிக்கலாம். இங்கே பலிக்காது.

இனி ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் நுண்கணிதத்துக்கு முந்தைய கணிதம்வரை வந்து நின்றவள், திரிகோணமிதியில் கை நடுங்குகிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களைத் தேர்வு வைத்து அடிப்படைக் கணித வகுப்புகளில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று பருவம் அங்கேயே கழிந்து, பலர் நுண்கணிதத்தைப் பார்க்காமலே போனார்கள். 2017லும் 2022லும் வந்த சட்டங்கள் அந்த முறையை மாற்றி, அறிவியல் மாணவர்களை நேரே நுண்கணிதத்துக்கு அனுப்பும்படி கல்லூரிகளை நெருக்குகின்றன. ஆசிரியர்களுக்குள் இதில் சண்டை ஓயவில்லை. தேங்கவைக்கும் பழைய முறைக்கு நான் எதிரி. ஆனால் சைன், கொசைன் கைவராத பிள்ளை சாய்தளத்தில் விசையைப் பிரிக்கும்போது படும் பாட்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளுக்கு ஒரு பருவம் முன்கணிதம் கொடுப்பது தண்டனை ஆகாது.

கொடுத்தால் அட்டவணை என்ன ஆகிறது? முதல் இலையுதிரில் முன்கணிதம். வசந்தத்தில் முதல் நுண்கணிதம். இரண்டாம் இலையுதிரில் இயக்கவியலும் இரண்டாம் நுண்கணிதமும். அந்த நவம்பரில் விண்ணப்பம் போட அவளிடம் ஒரு இயற்பியல் மதிப்பெண்கூட இருக்காது, அடுத்த ஆகஸ்டுக்குள் மூன்று தாளும் முடியாது. இங்கே இரண்டு வழி. மூன்றாம் தாளைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று பாதிச் சங்கிலியோடு மாறுவது ஒன்று. மூன்றாவது ஆண்டும் கல்லூரியிலேயே இருப்பது மற்றொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பெற்றோருக்கு இது பிடிக்காது. "ஃபிரெண்டோட பையன் ரெண்டு வருஷத்துல போயிட்டானே" என்பார்கள். ஆனால் அந்த மூன்றாவது ஆண்டில் என்ன கிடைக்கிறது பாருங்கள். இயற்பியல் மூன்றாம் தாள், வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம், ஒரு கணினிமொழி, நிதானமான வேதியியல். நவம்பர் விண்ணப்பத்தில் இயக்கவியல், மின்காந்தவியல் இரண்டின் மதிப்பெண்ணும் ஏறிவிடும். செலவும் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எச்சரிக்கையும் உண்டு: முழுநேர மாணவர்களுக்கான மாநிலக் கட்டணச் சலுகை ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்குத்தான், கூட்டரசின் பெல் உதவித்தொகைக்கும் வாழ்நாள் வரம்பு பன்னிரண்டு பருவம். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் நேரே போகிறவர்களுக்கு இந்த 46 டாலர் கணக்கே பொருந்தாது. அவர்களுக்கு வெளியார் கட்டணம், பல மடங்கு. பருவத்துக்குக் குறைந்தது 12 அலகு எடுத்தாக வேண்டும். 'மலிவான வழி' என்று இங்கே முகவர்கள் சொல்வதைக் கேட்டு யாரும் விமானம் ஏற வேண்டாம்.

பாடங்கள் எங்கே எதற்குச் சமம் என்று பார்ப்பதற்கு 'அசிஸ்ட்' என்ற மாநிலத் தளம் இருக்கிறது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஒப்பு என்று அதிகாரபூர்வமாகச் சொல்வது அதுதான். மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள், ஆனால் முழு வரியையும் படிப்பதில்லை. இயற்பியலில் ஒப்புமை பெரும்பாலும் தாளுக்குத் தாள் இருக்காது, தொடருக்குத் தொடராக இருக்கும். உங்கள் மூன்று தாளும் சேர்ந்து எங்கள் மூன்று தாளுக்குச் சமம் என்றுதான் எழுதியிருக்கும். முதல் இரண்டை ஒரு கல்லூரியில் படித்துவிட்டு, வீடு மாறியதால் மூன்றாவதைப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் படித்தால் தொடர் அறுந்தது. கூப்பர்டினோவில் டி ஆன்சா கல்லூரி காலாண்டுப் பருவ முறை. அங்கே இயற்பியல் தொடர் நான்கு தாள். அதில் பாதியோடு அரையாண்டுப் பருவ முறையில் மூன்று தாள் வைத்திருக்கும் கல்லூரிக்குப் போனால், ஒரு பகுதியை இரண்டு முறை படித்து, இன்னொன்றை ஒரு முறையும் படிக்காமல் வெளியே வரலாம். தொடரை ஆரம்பித்த இடத்திலேயே முடிப்பது உத்தமம்.

இன்னொரு குழி, நுண்கணிதம் இல்லாத இயற்பியல். உயிரியல், மருத்துவத் துறைக்குப் போகிறவர்களுக்காக இயற்கணித அடிப்படையில் நடத்தும் இரண்டு தாள் தொடர் பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. 'முதலில் இதை எடுத்துப் பழகிக்கொள்கிறேன்' என்று சிலர் போகிறார்கள். இயற்பியல் துறைக்கு அது கணக்கில் சேராது. இரண்டு தொடரையும் படித்தால் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒரு தொடருக்குத்தான் மதிப்புக் கொடுக்கும்.

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கு அசிஸ்ட் உதவாது. அங்கே ஒரு பேராசிரியர் உங்கள் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு சொல்வார். வாரவாரியான பாடத்திட்டம், பாடநூலின் பெயர், செய்த ஆய்வுகளின் பட்டியல், ஆய்வுக்கூடக் குறிப்பேடு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். குறிப்பேடு மிக முக்கியம். அளவீட்டுப் பிழையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதைப் பார்த்தே பல பேராசிரியர்கள் உங்கள் ஆய்வுக்கூடத்தை எடைபோட்டுவிடுவார்கள்.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. மின்காந்தவியலை ஆறு எட்டு வாரக் கோடை வகுப்பில் எடுக்கவே எடுக்காதீர்கள். வரலாறு, கலை, ஒருவேளை நேரியல் இயற்கணிதம், இவை கோடைக்குத் தாங்கும். இன்னும் நல்லது, ஒரு கோடையை ஆய்வகத்துக்கு ஒதுக்குவது. தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் இளநிலை ஆய்வுப் பயிற்சிக்குச் சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்க எரிசக்தித் துறை தன் தேசிய ஆய்வகங்களில் இவர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்குத்தான்.

கடைசியாக, மாறிய பிறகு வரும் முதல் பருவம். இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிவதை ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965லேயே 'மாற்ற அதிர்ச்சி' என்று குறிப்பிட்டார். முப்பது பேர் வகுப்பில் ஆசிரியரின் கண் முன்னே இருந்த பிள்ளை பெரிய அரங்கின் பின்வரிசைக்குப் போகிறாள். அங்கே நான்காண்டும் இருப்பவர்கள் ஏற்கெனவே குழு குழுவாகச் சேர்ந்து வீட்டுக்கணக்குப் போடுகிறார்கள். இரண்டே ஆண்டில் முடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் மாறி வந்தவள் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுக்கிறாள். மூன்றிலும் வாரம் ஒரு கணக்குத்தாள், ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்னும்.

அந்தப் பருவத்தில் இரண்டு இயற்பியல் தாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆனால் முழுநேர மாணவியாக இருக்க 12 அலகு வேண்டுமே? பொதுக்கல்வியை முழுதாக முடித்துவிட்டு வந்தவளுக்கு அங்கே எடுக்க இயற்பியலைத் தவிர எதுவும் மிச்சம் இருக்காது, மூன்றாவதையும் எடுத்தே ஆக வேண்டும். கல்லூரியிலேயே எல்லாப் பொதுப் பாடத்தையும் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான். ஒரு வரலாற்றுப் பாடம், ஒரு கலைப் பாடம், ஒரு மானிடவியல் பாடம், மூன்றையும் வேண்டுமென்றே மிச்சம் வைத்துக்கொண்டு போகும்படி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தை இலக்காக வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் இலையுதிரில் இயக்கவியல், மின்காந்தவியல், அவற்றோடு அந்த வரலாறு. குவாண்டம் வசந்தத்தில். அந்த வளாகத்தில் குவாண்டம் முதல் தாள் வசந்தத்திலும் நடக்கிறதா என்பதை மட்டும் விண்ணப்பம் போடும் முன்பே துறையின் பாட அட்டவணையில் பார்த்துவிட வேண்டும்.